நீலப் பட்டையின் தையல்

ஓட்டப் பாதை திரும்பும் முனையில் நின்றுகொண்டு சாய்கல் காலையிலிருந்து தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தாள். ஓடி வருகிறவர்களின் நெஞ்சில் எண்ணும், எண்ணுக்குக் கீழே பெயரும் இருந்தன. "எர்மெக், விடாதீங்க! ஓல்கா, இன்னும் கொஞ்சந்தான்!" என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கூடப் பிறந்தவர்களைப் போலப் பேர் சொல்லி விரட்டினாள். ஒருவரை மட்டும் அப்படி விரட்ட முடியவில்லை. அவர் வந்தபோது, "பெரியவரே, போங்க, போங்க!" என்றாள்.

பக்கத்தில் தண்ணீர்க் குவளை நீட்டிக்கொண்டிருந்த தபாலாபீஸ் பெர்மெத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்டி, அவரு நெஞ்சிலதான் பேரு கொட்டை எழுத்துல இருக்கே. படிக்கத் தெரியாதா?"

"என் வீட்டுக்காரரோட அண்ணன்."

"அதானே பார்த்தேன்" என்றாள் பெர்மெத். அவளும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவள்தான்.

புகுந்த வீட்டின் மூத்த ஆண்களைப் பேர் சொல்வதில்லை என்பது சாய்கலுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததல்ல. கல்யாணமாகி வந்த முதல் வாரமே மூத்தாருக்குப் 'பெரியவர்' என்று அவளாக ஒரு பேர் வைத்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக அதேதான். கைபேசியிலும் அவர் எண் அந்தப் பேரில்தான் இருந்தது. புருஷன் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டினான். இங்கே இசிக்-குல் ஏரிக் கரையில், மாமியாரும் மூத்தாரும் அவர் மனைவி குலைமும் இருக்கும் வீட்டில், தன் மகளோடு அவள் இருந்தாள்.

அந்த வீட்டில் அவளுக்காகப் பேச ஒரு வாய் இருந்தது என்றால் அது பெரியவருடையதுதான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற இந்தப் பைத்தியத்தை அவள் தலையில் ஏற்றியவரும் அவர்தான். இந்த வருஷம் முழங்கால் வீங்கியதால் அவள் போட்டியில் இறங்கவில்லை. உதவிக்கு வருகிறேன் என்று பேர் கொடுத்திருந்தாள். ஓட்டம் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கடைசி முனைக்கு வந்து திரும்புகிறவரின் கையில் ஒரு துணிப் பட்டையை மாட்டிவிட வேண்டும். முதல் சுற்றுக்கு வெள்ளை, இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு நீலம். மூன்றும் கையில் இருந்தால்தான் ஓடி முடித்ததாகக் கணக்கு. பணக்காரப் போட்டிகளில் இதற்கெல்லாம் தரையில் மின்பாய் விரிப்பார்களாம். இங்கே பாய் ஒன்றே ஒன்றுதான், அதுவும் முடிவுக்கோட்டில் கிடந்தது. இந்த முனையில் சாய்கலின் கைதான் பாய்.

மதியம் ஒரு மணிக்குப் பாதையை மூடினார்கள். மிச்சப் பட்டைகளை அள்ளிக்கொண்டு அவள் முடிவுக்கோட்டுக்கு நடந்தாள். பலகையில் முடிவுகளை ஒட்டியிருந்தார்கள். ஐம்பது வயதுப் பிரிவு, முதலிடம், எண் நூற்றுப் பதினான்கு. அது பெரியவர். முதலில் வருகிறவருக்கு நாட்டின் அணியில் இடம் உண்டு. இலையுதிர் காலத்தில் வெளிநாட்டுப் பந்தயத்துக்கு அனுப்புவார்கள். சாய்கலுக்குச் சந்தோஷத்தில் கைதட்ட வந்தது. இரண்டு கையும் பாதி வழியில் நின்றுவிட்டன.

அவர் மூன்றாவது முறை வந்தாரா?

முதல் சுற்றில் வந்தார், "காத்து எதிர்த்தடிக்குது" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். இரண்டாவதில் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது? அவள் மனசுக்குள் தேடித் தேடிப் பார்த்தாள். நூற்றைம்பது பேர், ஆளுக்கு மூன்று முறை. எல்லார் கையும் ஒரே வேர்வைக் கை. நடுவில் பெர்மெத் தண்ணீர்க் கேன் தூக்கிவர கால் மணி நேரம் போய்விட்டாள், குவளையும் இவளே கொடுத்தாள், பட்டையும் இவளே மாட்டினாள். அந்த நெரிசலில் முகம் பார்க்காமல் மாட்டியிருக்கலாம். ஆனால் 'பெரியவரே' என்று மூன்றாவது முறை கத்தியதாக அவள் வாய்க்கு நினைவில்லை.

"சுயுன்சு! சுயுன்சு!" என்று குலைமின் குரல் கேட்டது. நல்ல சேதி சொல்கிறவர்கள் முதலில் எழுப்புகிற கூக்குரல் அது. கேட்கிறவர் பரிசு கொடுத்தே தீர வேண்டும். குலைம் கைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு ஊருக்கே கேட்கிறமாதிரி கத்திக்கொண்டிருந்தாள். "ஆமாங்கத்தே, முதல் இடம்! உங்க மகன்தான்! சேதி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரிக்குச் சால்வை குடுத்திட்டீங்களா? குடுங்க, குடுங்க. எந்த ஆடு? கறுப்பா? சரி, வெட்டச் சொல்லுங்க!" பேசி முடித்துச் சாய்கலைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "கேட்டியாடி? கறுப்பு ஆட்டை வெட்டப்போறாங்க. தெரு முழுக்கச் சாப்பாடு."

"அக்கா, முடிவு இன்னும் உறுதியாகலயே. புகார் சொல்ல அரை மணி நேரம் விடுவாங்க."

"உன் வாயில நல்லதே வராதா? யாரு புகார் சொல்லப்போறா?"

சொல்ல ஆள் இருந்தது. பாலிக்சி ஊரிலிருந்து வந்திருந்த கென்னாதி என்ற வெல்டர் நடுவர் மேசையை முஷ்டியால் குத்திக்கொண்டிருந்தான். இரண்டாவதாக வந்தவன் அவன். இந்த மனுஷன் வருஷா வருஷம் எதையாவது கிளப்புவான். போன வருஷம் ஏரித் தண்ணீர் சில்லென்று இருந்ததற்கே புகார் எழுதிக்கொடுத்தான். அவனைக் கண்டாலே ஏற்பாட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள். சாய்கலுக்கும் அவனைப் பிடிக்காது.

"என்னைத் தாண்டி அவன் போகல!" என்று கத்தினான் கென்னாதி. "மூணாவது சுத்துல நான்தான் முன்னாடி ஓடினேன். திரும்பி வரப்போ எதிர்ல அவனைக் காணோம். முடிவுக்கோட்டுக்கு வந்து பார்த்தா, கோக் குடிச்சிக்கிட்டு நிக்கிறான்! பறந்தா வந்தான்?"

தலைமை நடுவர் ஜானார் அல்மாத்தியிலிருந்து வந்த கசாக்குக்காரி. சத்தத்துக்கு மசியாத பெண். கணினியில் மூத்தாரின் மூன்றாவது சுற்று நேரத்தைப் பார்த்தாள். முந்தின இரண்டைவிட நான்கு நிமிஷம் குறைவு. இந்த வயதில், இந்த வெயிலில், கடைசிச் சுற்றில். அவள் புருவம் மட்டும் லேசாக உயர்ந்தது. "கையில மூணு பட்டையும் இருக்கு, நானே பார்த்தேன். கடைசி முனையில பட்டை குடுத்தது யாரு?"

நாலைந்து பேர் திரும்பிச் சாய்கலைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு நாப்பதுக்கு நேரம் முடியுது" என்றாள் ஜானார். "அதுக்குள்ள வந்து சொல்லுங்க. அவரு மூணாவது சுத்துல உங்ககிட்ட வந்தாரா, இல்லையா. உங்க வார்த்தைதான்."

முடிவுக்கோட்டுக் கடிகாரத்தில் ஒன்று பதினெட்டு ஆகியிருந்தது. கென்னாதி எல்லார் காதிலும் விழும்படி, "இவ எங்க சொல்லப்போறா? அந்த வீட்டு மருமகளாச்சே!" என்றான். குலைம் பதிலுக்கு அவனை ஏரியில் தள்ளிவிடுவதாகச் சொன்னாள். சாய்கல் அங்கிருந்து நழுவினாள்.

பெரியவர் புல்தரையில் நாலு பேருக்கு நடுவில் நின்றிருந்தார். கழுத்தில் பதக்கம், கையில் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி. ஊர்க்காரர்கள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா இறந்த பிறகு குடும்பத்து விருந்தினர் விடுதியையும் வீட்டையும் இழுத்து இழுத்து அலுத்துப்போன மனுஷர் இத்தனை மலர்ச்சியாக இருந்து அவள் பார்த்ததில்லை. இவளைக் கண்டதும் கையை நீட்டித் தலையில் வைத்தார். "என்னம்மா, முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு? வெயிலா?"

தலையிலிருந்து கை இறங்கியபோது மணிக்கட்டு அவள் கண்ணுக்கு நேரே வந்தது. வெள்ளை. சிவப்பு. நீலம். நீலப் பட்டையின் மூட்டில் நூல் பிசிறு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டைகள் எல்லாவற்றையும் தைத்தவள் சாய்கல்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால், வீட்டுத் தையல் இயந்திரத்தில், இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தாள். நீலத்தில் முதல் பன்னிரண்டை ஏதோ ஞாபகத்தில் உள்பக்கம் வெளியே வருகிறமாதிரி தைத்துவிட்டாள். கையை உறுத்தும் என்று அந்தப் பன்னிரண்டையும் இயந்திரத்துக்குக் கீழேயிருந்த கந்தல் பையில் போட்டுவிட்டு வேறே தைத்தாள். பெட்டியில் அடுக்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் அடுக்கினாள். தையல் வெளியே தெரிகிற நீலப் பட்டை இந்தப் போட்டிக்கே வரவில்லை. அது வீட்டுக் கந்தல் பையில் இருக்க வேண்டியது.

இத்தனை நேரம் அவளை அரித்த சந்தேகம் சட்டென்று போய்விட்டது. போனதும்தான் பயம் முழுசாக வந்தது. சந்தேகம் இருந்தவரை 'எனக்கு நினைவில்லை' என்று ஒதுங்க ஒரு மூலை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், அவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் இது தெரியப்போவதில்லை.

"பெரியவரே, ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

சைக்கிள்கள் மாட்டியிருந்த கம்பிகளுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மூணாவது சுத்துல நீங்க எங்கிட்ட வரல."

"வந்தேனேம்மா. நீதானே மாட்டிவிட்ட?" மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "அந்தக் கூட்டத்துல உனக்கு எங்க நினைப்பு இருக்கும்?"

குரலில் ஒரு பிசிறு இல்லை. பட்டையைப் பார்க்காமல் இருந்திருந்தால் சாய்கல் நம்பியிருப்பாள். வீட்டுக்குப் போய்த் தன் மறதியை நினைத்து வெட்கப்பட்டிருப்பாள்.

"தையல் வெளிய இருக்கு" என்றாள்.

"எது?"

"உங்க கையில இருக்கறது. நான் தப்பாத் தச்சது. கந்தல் பையில போட்டேன். அதுல ஒண்ணுகூட நான் இங்க கொண்டு வரல."

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காலு பிடிச்சுக்கிச்சும்மா" என்றார். "ரெண்டாவது சுத்து முடியறப்பவே ஆடுசதை கல்லா இறுகிடுச்சு. அந்தப் பாப்ளார் மரங்ககிட்டவே திரும்பிட்டேன். என்ன பெரிய தூரம்? ஒரு நானூறு மீட்டர். அதுக்கு மேல ஒரு அடி வெச்சிருந்தா விழுந்திருப்பேன்."

"காலு இன்னிக்குப் பிடிச்சுது. பட்டையை எப்ப எடுத்தீங்க?"

இந்தப் பதினோரு வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டவளில்லை. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிதவைகளைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது.

"உனக்குச் சைக்கிள் வாங்கிக் குடுத்தப்போ எங்கம்மா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"தொடை தெரிய உடுத்திக்கிட்டு மருமக நெடுஞ்சாலையில போறதான்னு கேட்டாங்க. நான்தானே அவங்க வாயை அடச்சேன்?"

"நீங்கதான். அதனாலதான் மேசைக்குப் போகாம முதல்ல உங்ககிட்ட வந்தேன்." "நீங்களே போய்ச் சொல்லிடுங்க பெரியவரே. காலு பிடிச்சுது, முழுசா ஓடலன்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"வீட்டுல ஆடு வெட்டியாச்சு."

"தெரியும்."

"அம்பது வயசுல முதல் தடவை ஊரு என்னைத் திரும்பிப் பார்க்குது." அவர் குரல் இப்போது கெஞ்சியது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. "நீ ஒரு பொய்யும் சொல்ல வேணாம். ஞாபகம் இல்லன்னு சொல்லு. அது போதும். வீட்டுல உனக்கு நான் இருக்கேன்ல?"

கடைசி வாக்கியத்தை மிரட்டலாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. சொன்னவருக்கே விளங்கியிருக்காது. ஆனால் அதன் மறுபக்கம் நன்றாக விளங்கியது. அவர் இல்லையென்றால் அந்த வீட்டில் அவளுக்கு யாரும் இல்லை. புருஷன் வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவன். நாளைக்கே சைக்கிளைக் கொட்டகையில் பூட்டு என்பார் மாமியார். குலைம் அக்காவின் நாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மகள் அந்த அடுப்படியில் வளர வேண்டும். ஞாபகம் இல்லை. இரண்டே வார்த்தை.

பெரியவர் போய்விட்டார், பழையபடி ஊர்க்காரர்கள் நடுவில். நடக்கும்போது அவர் கால் நொண்டவில்லை என்பதைச் சாய்கல் கவனித்தாள்.

மேசைக்கு நடக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. நாற்பது அடி தூரம்தான். நடுவில் இரண்டு தரம் நின்று தண்ணீர் குடித்தாள். கென்னாதி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காய்ந்த மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். ஜெயித்தாலும் தோற்றாலும் இவனோடு கை குலுக்கப்போவதில்லை என்று சாய்கல் நினைத்துக்கொண்டாள். ஆனால் காற்றில் மூன்று சுற்றும் முழுசாக ஓடியவன் அவன். நீலப் பட்டையை அவன் கையில் மாட்டியபோது அது நடுங்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"சொல்லுங்க" என்றாள் ஜானார்.

"வரல."

பின்னாலிருந்து குலைம் மூச்சை இழுப்பது கேட்டது. "என்னடி சொல்ற? ஏய், சாய்கல்!"

"யாரு வரல?" ஜானார் பேனாவைத் திறந்தாள். "ஆளைப் பேர் சொல்லணும். வெறும் நம்பர் போதாது. ஒருத்தர் நம்பரைக் குத்திக்கிட்டு இன்னொருத்தர் ஓடினதை நானே பார்த்திருக்கேன்."

"எங்க வீட்டுப் பெரியவர்."

ஜானார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கசாக்கு வீடுகளிலும் இதே வழக்கம்தான். கண்டிப்பான அந்த முகம் கொஞ்சம் இளகியது. தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். "வாயால வரலன்னா எழுதுங்கம்மா. அதுவும் செல்லும்."

சாய்கல் பேனாவை வாங்கினாள். எழுதிவிட்டால் வேலை முடிந்தது. வாய் காப்பாற்றப்பட்டுவிடும். வழக்கமும் நிற்கும், உண்மையும் நிற்கும். ஆனால் எழுதுவதற்குக் குனிந்தபோது, முகத்தைப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் செய்கிற வேலையாக அது அவளுக்குப் பட்டது. கந்தல் பையிலிருந்து அவர் பட்டையை எடுத்த வேலையும் அப்படித்தானே. பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"வாயத் திறக்காத" என்றாள் குலைம். இப்போது அவள் கத்தவில்லை. "உன் காலைப் பிடிக்கிறேன், திறக்காத."

"ஷர்ஷென்பெக்" என்றாள் சாய்கல். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "ஷர்ஷென்பெக் தொக்தோசுனோவ். மூணாவது சுத்துல எங்கிட்ட வரல."

"ஆ?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

பத்தடி தள்ளி முதுகைக் காட்டி நின்றிருந்தவர், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லாரும் திரும்புகிறமாதிரி திரும்பியிருந்தார். கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும் முகம் மாறியது. பக்கத்திலிருந்த ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்கள். குலைம் வாயைப் பொத்திக்கொண்டாள். சாய்கல் தலையைக் குனியவில்லை. குனிய வேண்டும் என்று கழுத்து கெஞ்சியது.

அவர் மேசைக்கு வந்தார். நீலப் பட்டையைக் கழற்றப் பார்த்தார், பிசிறில் மாட்டிக்கொண்டு அது வரவில்லை. பல்லால் கடித்து அறுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் பதக்கத்தை வைத்தார். "அவ சொல்றது சரிதான்" என்றார் ஜானாரிடம். சாய்கலைப் பார்க்கவில்லை.

கென்னாதி நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று மீனை மென்றுகொண்டே பதக்கத்தை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போக ஒரே கார்தான், அது அவருடையது. பஸ்ஸில் போய்விடலாம் என்று சாய்கல் நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தபோது கார் வந்து பக்கத்தில் நின்றது. "ஏறு" என்றார். பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். முன்சீட்டில் குலைம் பத்துக் கிலோமீட்டர் அழுதாள், அடுத்த பத்து பேசினாள். "தெரு முழுக்கக் கூடியிருக்கும். சால்வை குடுத்தாச்சு. பொட்டச்சி, பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாளே, நாலு பேர் முன்னாடி பேர் சொல்லி..." ஏமாற்றியது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பேர் சொன்னதுதான் நெஞ்சை அறுத்தது.

"போதும் குலைம்" என்றார் அவர். அவள் நிறுத்திக்கொண்டாள்.

தெருமுனையிலேயே காரை ஓரங்கட்டினார். அங்கிருந்து பார்த்தால் வீட்டு வாசல் தெரிந்தது. அடுப்புப் புகை, வெளியே போட்ட நீள மேசைகள், வெள்ளைத் தொப்பி வைத்த ஆண்கள். மாமியார் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். மேசைக்கு வந்த பிறகு அப்போதுதான் பார்த்தார்.

"உன் போன்ல என்னை என்னன்னு வெச்சிருக்க?"

"பெரியவர்னு."

அவர் தலையை ஆட்டினார். "மாத்திடு" என்றார். "என் பேரையே போட்டுக்கோ. அது போதும்."

கதவைத் திறந்து இறங்கினார். குலைமும் இறங்கப்போனபோது, "நீ இரு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். தனியாக நடந்தார். வாசலில் இருந்தவர்கள் அவரைக் கண்டுகொண்டு ஆரவாரமாக எழுந்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கி அவர்களை நிறுத்தச் சொன்னார். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மாமியார் மகனுக்கு நேரே வந்து நின்றார். அவர் பேசத் தொடங்கினார். என்ன சொன்னார் என்பது காருக்குள் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் வேறு யாரும் பேசவில்லை.

சாய்கல் கைபேசியை எடுத்து அவர் எண்ணைத் திறந்தாள். 'பெரியவர்' என்ற எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்தாள். வாசலில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், குனியாமல், அம்மாவின் முகத்தைப் பார்த்து. அவள் எதையும் மாற்றாமல் கைபேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.